முதுகு மிதிப்பவள்

மேலநாச்சிகுளத்தில் யாருக்கு முதுகு பிடித்தாலும் நேரே பத்திரகாளி வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். அவள் தாய் வயிற்றிலிருந்து கால் முதலாக வெளியே வந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு அடங்கும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். விடிந்தும் விடியாமலும் பல்கூட விளக்காமல் வந்து வாசலில் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். அவள் வாசல் தெளித்த ஈரக் காலோடு வந்து, இடது குதிங்காலை நடுமுதுகில் வைத்து மூன்று அழுத்து அழுத்தி, "எந்திரி, போ" என்பாள். காசு வாங்க மாட்டாள். வாங்கினால் பலிக்காது. எட்டயபுரத்திலிருந்து லாரி டிரைவர்கள் வருவார்கள், கோவில்பட்டியிலிருந்து கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு கிண்டுகிறவர்கள் வருவார்கள். போலீஸ்காரர் ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு அவள் காலடியில் படுத்திருக்கிறார். ஐம்பது வயதுக்காரிக்கு அது ஒன்றும் சின்னப் பவிசு இல்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஆவணிக் கடைசியில் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

தங்கள் மானாவாரிக் காட்டுக்கு ஆட்டுப் புழுக்கை சிதறிக்கொண்டிருந்தாள். மழை விழுவதற்குள் எருவைச் சிதறி முடிக்க வேண்டும். அதற்கு அப்புறம் கரிசலில் கால் வைக்க முடியாது. நிரம்பிய இரும்புச் சட்டியைக் குனிந்த வாக்கிலேயே தூக்கி, இடுப்பை ஒரு திருகு திருகித் தலைக்குக் கொண்டுபோனாள். இத்தனை வருசமும் அப்படித்தான் தூக்கினாள். அன்றைக்கு உள்ளே என்னவோ கருக்கென்றது. சட்டி விழுந்தது. அவள் விழவில்லை, நிமிரவும் இல்லை. குனிந்தபடியே நின்றாள். புருசன் ராமசுப்பு ஆடுகளை விட்டுவிட்டு ஓடிவந்து, குனிந்தவளைக் குனிந்தபடியே வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

ஊரே வாசலில் கூடிவிட்டது. எல்லோருக்கும் ஒரே யோசனைதான்: இவளை யார் மிதிப்பது? தன் முதுகைத் தானே மிதிக்க முடியாதே. ஊரில் கால் முதலாகப் பிறந்தவர் வேறு யாரும் இல்லை. கடைசியில் அதேபோலப் பிறந்த பக்கத்து ஊர் சுடலைமாடனைப் பைக்கில் வைத்துக் கூட்டி வந்தார்கள். நல்ல மனுசன், ஆனால் மரக்கடையில் தடி உருட்டுகிற உடம்பு. அவன் ஏறி நின்றதும் பத்திரகாளிக்கு மூச்சு நின்றுவிட்டது. "வலிக்கும் மயினி, பொறுத்துக்கோங்க, வலிச்சாத்தான் எறங்கும்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே மிதித்தான். வலி இறங்கத்தான் செய்தது. இடுப்பிலிருந்து பின்தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இறங்கியது.

அதன்பிறகு அவள் படுக்கையில் கிடந்தாள். மருமகள் செல்வமாரி புதியம்புத்தூரில் ரெடிமேட் தைக்கப் போகிறவள். கம்பெனி வேன் வருவதற்குள் உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு, தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவாள். இடுப்புக்கு உளுந்தைப் போல் உண்டா என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பத்திரகாளி களியைத் தின்றாள், கூரையைப் பார்த்தாள், திரும்பவும் களியைத் தின்றாள். திரும்பிப் படுக்க நினைத்தாலே பயமாக இருந்தது. ஆட்டுக்குட்டி கத்தினால் எழுந்துபோய்ப் பார்க்க முடியவில்லையே என்று அழுகை வந்தது. மகன் வேல்ராஜ் பெல்ட் ஒன்று வாங்கிவந்து கட்டிவிட்டான். கட்டினால் சாப்பிட முடியவில்லை, அவிழ்த்தால் பயம்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் ராமசுப்புவின் அண்ணன் சௌந்தரபாண்டியன் வந்தார்.

அண்ணன் தம்பி இருவருக்கும் அப்பன் விட்டுப்போனது ஒரே பொழியில், ஒட்டினாற்போல ஆறு குறுக்கம், கிட்டத்தட்ட ஆறு ஏக்கர். ஆளுக்குப் பாதி. சௌந்தரபாண்டியனுடைய பாதி வெகுநாளாகத் தரிசு. பிள்ளைகள் சென்னையில் இருக்கிறார்கள், அவருக்கு முட்டுவலி. சூரிய ஒளியில் கரண்டு எடுக்கிற கம்பெனிக்காரர்கள் சுற்றுவட்டாரம் பூராவும் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் கண்ணாடிப் பலகைகளை நட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆறு குறுக்கமும் சேர்ந்து கிடைத்தால்தான் அவர்களுக்கு வேண்டுமாம். பாதி வேண்டாமாம். அவர் இரண்டு வருசமாகத் தம்பியிடம் கையெழுத்துக் கேட்கிறார். இரண்டு வருசமாகப் பத்திரகாளி விடவில்லை.

அவள் விடாததற்குக் காரணம் உண்டு. அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த மூன்று குறுக்கமும் சீமைக்கருவேல மூட்டமாகக் கிடந்தது. வெட்டி, தூர் பறித்து, முள் ஏறிய காலோடு பருத்தி போட்டு, மிளகாய் போட்டு, உளுந்து போட்டு, அதை நிலமாக ஆக்கியவள் அவள். பத்திரத்தில் ராமசுப்பு பெயர் இருந்தாலும் ஊர் வாயில் அது "பத்திரகாளி காடு"தான். அதை முப்பது வருசத்துக்குக் கம்பி வேலிக்குள் விட்டுவிட்டு வெளியே நின்று பார்க்க அவள் தயாரில்லை.

சௌந்தரபாண்டியன் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மெதுவாகத்தான் பேசினார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. இடுப்புப் போன பொம்பளையை வைத்துக்கொண்டு என்ன வெள்ளாமை பார்க்கப் போகிறீர்கள், ஆள் விட்டுக் களை எடுத்தால் விளைகிறது கூலிக்கே போகாதா, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிற காலம் நிம்மதியாக இருங்கள் என்றார். பத்திரகாளி புருசன் முகத்தைப் பார்த்தாள். பாதி மனசு இறங்கிவிட்டது என்று தெரிந்துபோயிற்று.

மறுநாள் காலையில் அவளே சுவரைப் பிடித்து எழுந்தாள். செல்வமாரி ஒருநாள் லீவு போட்டாள். மாமியாரும் மருமகளும் டவுன் பஸ் ஏறிக் கோவில்பட்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கால் கட்டை விரலை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், குதிங்காலில் நிற்கச் சொன்னார். எலும்பு முறியவில்லை, நரம்பு கொஞ்சம் கோபத்தில் இருக்கிறது, கத்தி வைக்கவெல்லாம் தேவையில்லை, படுத்தே மட்டும் கிடக்காதீர்கள் என்றார். பத்திரகாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்தவர்கள் அத்தனை பேரும் படு, படு என்றல்லவா சொன்னார்கள். டாக்டர் அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கே உடற்பயிற்சி சொல்லித் தருகிற பெண் இருந்தாள். ப்ரியதர்ஷினி. மணியாச்சிக்காரி, அப்பா ரயில்வேயில் இருந்தவர். மூஞ்சியில் சிரிப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

முதுகில் இருந்த கன்றிய தடத்தைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"இது என்னம்மா? யாரும் அடிச்சாங்களா?"

"மிதிச்சாவ. பக்கத்தூர்ல கால் முன்னாடி பெறந்தவரு ஒருத்தர் இருக்காரு."

"நீங்களேவா மிதிக்கச் சொன்னீங்க?"

"நானும் அப்படிப் பெறந்தவதாம்மா. சுத்துப்பட்டி பூரா நாந்தான் மிதிக்குதேன்."

ப்ரியதர்ஷினி சிரிப்பை அடக்கிக்கொண்டு, நல்லவேளை எலும்பு தப்பித்தது என்றாள். பாயில் படுக்கச் சொல்லி ஒவ்வொன்றாகக் காட்டினாள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்புக்குக் கீழே இருக்கிற இடைவெளி தரையில் படும்படி மெதுவாக அழுத்த வேண்டும். ஒரு முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து அணைத்து விட வேண்டும், பிறகு மற்றது. அப்புறம் பாதத்தை ஊன்றி இடுப்பை மட்டும் மேலே தூக்கி இறக்க வேண்டும். ஆடு மாதிரி நாலு காலில் நின்று முதுகை மேலே வளைத்துக் கீழே குழிய விட வேண்டும். ஒவ்வொன்றும் ஐந்தைந்து தடவை, காலையும் சாயங்காலமும், ஒரு வாரம் செய்துவிட்டு வந்து காட்ட வேண்டும். வெந்நீர் ஒத்தடம். சும்மா நடை. பாரம் தூக்கினால் குந்தி உட்கார்ந்து, நெஞ்சோடு அணைத்து, காலை ஊன்றி எழ வேண்டும். குனிந்து திருகக் கூடாது. கால் மரத்துப்போனாலோ, மூத்திரம் பிரியாவிட்டாலோ ஒரு நிமிசம் தாமதிக்காமல் ஓடிவர வேண்டும். படுத்து எழும்போது ஒருக்களித்துக் கையை ஊன்றி எழ வேண்டும்.

இவ்வளவுதானா என்று பத்திரகாளி கேட்டாள். ஊசி இல்லையா, தைலம் இல்லையா? இவ்வளவுதான் என்றாள் அந்தப் பிள்ளை. பச்சைப்பிள்ளை குப்புற விழுகிற வேலையை எல்லாம் வைத்தியம் என்று சொல்கிறாளே என்று மாமியாரும் மருமகளும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

அந்த ஊரில் காட்டுவேலை இரண்டு வகை. ஒன்று நாள் சம்பளம்: பொழுது சாயும் வரை செய்ய வேண்டும், ஆடி அசைந்து செய்யலாம். இன்னொன்று காண்ட்ராக்ட்: இன்ன காடு, இன்ன துட்டு என்று பேசிவிட்டால் எப்போது முடித்தாலும் வீட்டுக்குப் போகலாம். பத்திரகாளி காண்ட்ராக்டில் பேர்போனவள். நாலு பெண்கள் மூன்று நாளில் எடுக்கிற களையை அவள் இருக்கிற கூட்டம் இரண்டு நாளில் முடித்துவிட்டு, மத்தியானமே வீட்டுக்குச் சோறு பொங்கப் போய்விடும். இந்தப் புத்திதான் அவளை மாட்டிவிட்டது. மறுநாள் செல்வமாரி வேன் ஏறியதும் சாக்கை விரித்தாள். வாரம் முழுக்கச் செய்யச் சொன்ன வேலையை அந்தப் பிள்ளை சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறாள், எதற்கு இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டும், ஒரே மூச்சில் முடித்துத் தள்ளிவிட்டால் நாளையிலிருந்து காட்டுக்குப் போய்விடலாமே என்று தோன்றிற்று. இழுத்தாள், அணைத்தாள், தூக்கினாள், இறக்கினாள். வேர்த்து ஊற்றியது. வேர்க்க வேர்க்க வேலை நடக்கிறது என்று சந்தோசம் வேறு. ராமசுப்பு சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் சாக்கிலேயே கிடந்தாள். எழ முடியவில்லை.

ஊர் நன்றாகச் சிரித்தது. காட்டில் வெட்டி முறிக்கிறவளுக்கு எக்சர்சைஸ் ஒரு கேடா என்றார்கள். ஆபீஸ்காரர்கள் தொப்பையைக் கரைக்கச் செய்கிறதை இவள் செய்தால் இடுப்பு ஒடியாமல் என்ன செய்யும் என்றார்கள். சௌந்தரபாண்டியன் சிரிக்கவில்லை. அவர் இரக்கத்தோடு பார்த்தார். அந்தப் பார்வைதான் அவளைச் சுட்டது.

நடக்க முடிந்த அன்றைக்கே அவள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். சண்டை போடத்தான் போனாள்.

"என்ன சொல்லிக் குடுத்த நீ? இருந்த இடுப்பும் போச்சு."

"எத்தன தடவம்மா செஞ்சீங்க?"

"எண்ணல. ஒரேயடியா முடிச்சிட்டேன்."

"எத முடிச்சீங்க?"

"ஒரு வாரத்து வேலைய. நீ குடுத்த வேலையத்தான்."

ப்ரியதர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டாள். கண் சிரித்தது. பிறகு அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"இது முடியுத வேல இல்லம்மா. நாளைக்கும் உண்டு, அதுக்கு மறுநாளும் உண்டு."

"அப்ப எப்பத்தான் முடியும்?"

"முடியாது. இடுப்பு இருக்குத வரைக்கும் உண்டு."

"வலி எப்பப் போகும்?"

"கொறையும். அப்பப்ப வரும். வந்தா பயந்து படுக்காதீங்க, கொஞ்சமாச் செய்யுங்க. நல்லா இருக்குத அன்னைக்குத் துள்ளிக் குதிச்சுக் கூடவும் செய்யாதீங்க."

"நல்ல வேல குடுத்த, போ" என்றாள் பத்திரகாளி.

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தாள். ஆட்டுக்கு ஒரு வாரத் தீவனத்தை ஒரே நாளில் போட்டால் வயிறு ஊதிச் செத்துப்போகும். அது அவளுக்குத் தெரியும். ஆட்டு விசயத்தில் தெரிந்த நியாயம் தன் இடுப்பு விசயத்தில் தெரியாமல் போயிற்றே என்று தன்னையே வைதுகொண்டாள். வழியில் ஏறிய கிழவி ஒருத்தி, என்னம்மா தனியாகப் பேசுகிறாய் என்று கேட்டாள். "என் இடுப்பு கூடப் பேசுதேன்" என்றாள் இவள். கிழவி எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

அதிலிருந்து ஆரம்பித்தது. காலையில் ஐந்து, சாயங்காலம் ஐந்து. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காண்ட்ராக்ட் கைக்கு அது என்ன கஷ்டம் என்று சொல்லி மாளாது. வேர்க்காத வேலையை வேலை என்று அவள் மனசு ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றது. ஐந்தாவது தடவை முடிந்ததும் இன்னும் இரண்டு போட்டால் என்ன என்று உடம்பு கேட்கும். "கெட சும்மா" என்று அதட்டி எழுந்துவிடுவாள்.

அதைவிடக் கஷ்டம் நடை. அந்த ஊரில் பெண்கள் நாளெல்லாம் நடக்கிறார்கள். ஆனால் நடக்க ஒரு காரணம் வேண்டும். தலையில் புல்கட்டு வேண்டும், இடுப்பில் குடம் வேண்டும், இல்லையென்றால் கையில் ஒரு தூக்குவாளியாவது வேண்டும். வெறுங்கையை வீசிக்கொண்டு கண்மாய்க்கரையில் ஒரு பெண் நடந்தால் அவள் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டு போகிறாள், அல்லது கண்மாயில் விழப் போகிறாள் என்று அர்த்தம். முதல் நாள் அவளை நிறுத்தாதவர்கள் இல்லை.

"எங்க மயினி போறீங்க?"

"எங்கேயும் போகல. நடக்குதேன்."

"அது தெரியுது. எங்கன்னு கேக்குதேன்."

"அதான் சொல்லுதேம்லா, எங்கேயும் இல்ல."

ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு போங்கள் அத்தை, யாரும் கேட்க மாட்டார்கள் என்று செல்வமாரி யோசனை சொன்னாள். பத்திரகாளி ஒத்துக்கொள்ளவில்லை. நான் என்ன திருடவா போகிறேன், குடத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நடக்க? கையை வீசித்தான் நடப்பேன் என்றாள். ராமசுப்பு, பயிற்சியையாவது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே செய் என்றான். திண்ணையில் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குகிறாயே, பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்றான். அவனுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அவள் சாக்கை வாசலுக்கே கொண்டுவந்தாள். "சேலையக் காலோட சுத்திக் கட்டியிருக்கேன். இதுக்கு மேல யாருக்கு என்ன நினைப்பு வந்தாலும் அது அவன் கண்ணுக்கு வந்த சுளுக்கு. இதே வாசல்ல ஆம்பளைக பொம்பளைக அம்புட்டுப் பேரும் எங் காலுக்கு அடியில படுத்துக் கெடந்தாவள்லா, அப்ப எங்க போச்சு உங்க வெட்கம்?" என்று கேட்டாள். அவன் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விட்டான்.

மிதி வாங்க வருகிறவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். டீக்கடை செண்பகராஜ் சிலிண்டர் தூக்கி முதுகு பிடித்து, ஒருநாள் விடிகாலையில் வழக்கம்போல வந்து குப்புறப் படுத்துக்கொண்டான். பத்திரகாளி கிட்டே வந்து பார்த்தாள். காலைத் தூக்கவில்லை.

"எந்திரி செண்பகராசு. நான் மிதிக்க மாட்டேன்."

"என்ன மயினி? நான் என்ன தப்புச் செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல. என்னைய ஒருத்தன் மிதிச்சப்பத்தான் மிதி வாங்குதவன் பாடு எனக்குத் தெரிஞ்சுது. பெரியாஸ்பத்திரியில ஒரு பிள்ள இருக்கு. அதுகிட்டப் போ."

அவன் நம்பவில்லை. படுத்தபடியே கெஞ்சினான். அவள் வாசலைத் தெளித்துக்கொண்டே அவன் பக்கத்தில் வந்துவிட்டாள். நனைந்ததும் எழுந்து, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனான். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் டீக்கடையில் செய்தி பரவிவிட்டது: பத்திரகாளியின் கால் செத்துவிட்டது, சாமி வரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அவளுக்குக் கேட்கட்டும் என்றே சிலர் சத்தமாகச் சொன்னார்கள். "செத்த காலுதான் தெனமும் கம்மாக்கரையச் சுத்திட்டு வருது, வந்து பாருங்க" என்று கடை முன்னால் நின்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னாளே தவிர, வீட்டுக்கு வந்து அழுதாள். இத்தனை வருசம் அவளுக்கு என்று இருந்த ஒரே பெருமை அது. அதைத் தன் கையாலேயே தூக்கிப் போட்டுவிட்டாள். அழுது முடித்துவிட்டு, பொழுது இருந்ததால் சாக்கை விரித்துச் சாயங்காலத்துக்கு உரிய ஐந்தைச் செய்தாள்.

ஒருநாள் பக்கத்தில் இன்னொரு சாக்கு விரிந்தது. செல்வமாரி வேனிலிருந்து இறங்கியவள், சாப்பாட்டுப் பையைக்கூட வைக்காமல் வந்து படுத்தாள். நாளெல்லாம் மிஷினில் குனிந்து காலர் வைத்துத் தைத்து அவளுக்கும் முதுகு விண்விண் என்று தெறிக்கிறதாம். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று மாமியார் கேட்டதற்கு, சொன்னால் நீங்கள் மிதிப்பீர்களே என்றாள். பத்திரகாளிக்குச் சிரித்துச் சிரித்து இடுப்பே வலித்தது.

புரட்டாசி கழிந்து மழை விழுந்தது. வெதை போட்டார்கள், மூன்று குறுக்கமும் உளுந்து. வலி போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் எழும்போது இருந்தது, பஸ்ஸில் குலுங்கினால் இருந்தது. ஆனால் இப்போது அது எந்த மட்டுக்கு வரும், எப்போது போகும் என்று அவளுக்குத் தெரியும். பெல்ட் ஆணியில் தொங்கியது.

முளைத்து இலை விட்ட நேரத்தில் சௌந்தரபாண்டியன் திரும்பவும் வந்தார். கார்த்திகைக்குள் கையெழுத்து வேண்டுமாம், இல்லையென்றால் கம்பெனிக்காரன் வேறு ஊருக்குப் போய்விடுவானாம். பத்திரகாளி காதில் விழும்படியே பேசினார்.

"ராமசுப்பு, நான் ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். மொதக் களை இருக்குல்லா, அத உம் பொண்டாட்டி எடுத்துக் கரையேறிட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன். நடுவுல விழுந்துட்டான்னா நீ கையெழுத்தப் போட்டுரணும். என் பங்கும் இதுலதான்லே நிக்கி."

ராமசுப்பு மனைவியைப் பார்த்தான். சரி என்று அவள் தலையாட்டினாள். அவன் சரி என்று சொன்னான். அப்படிச் சொன்னபோது அவன் குரலில் அவள் விழுந்துவிடுவாள் என்கிற பயம் இருந்தது. அது அவளுக்குக் கேட்டது.

களைக்கொத்துக்குக் கை நீளத்துக்குத்தான் காம்பு இருக்கும். அதைப் பிடித்துக் குனிந்தவர்கள் நிரை முடியும்வரை நிமிர மாட்டார்கள். பத்திரகாளி பட்டறையில் போய்த் தன் கொத்தைக் கழற்றி, நெஞ்சு உயரத்துக்கு ஒரு மூங்கில் காம்பு போட்டு வாங்கினாள். ஆசாரி, இது என்ன களை வெட்டவா, கொடி ஏற்றவா என்றார். உங்களுக்கு எதற்கு, போடுங்கள் என்றாள். அவள் கையில் பழக ஒரு வாரம் ஆயிற்று. முதலில் உளுந்தையே இரண்டு மூன்று வெட்டிவிட்டாள். பிறகு புல்பூண்டு எது பயிர் எது என்று கொத்துக்குத் தெரிய ஆரம்பித்தது.

வெயில் அடித்து மண் பதத்துக்கு வந்ததும் களை துவங்கியது. துணைக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் மூவர். இவள் அவர்கள் காட்டுக்குப் போவாள், அவர்கள் இவள் காட்டுக்கு வருவார்கள், அந்தக் கணக்கு. அவர்கள் குனிந்து போனார்கள், இவள் நின்று போனாள். நின்றுகொண்டே களை வெட்டுகிற மகாராணியைப் பாருங்கள் என்று கேலி செய்தார்கள். இவள் மெதுவாகத்தான் போனாள். மற்றவர்கள் முன்னால் போய்விட்டால் பழைய புத்தி, விடாதே, ஓடிப் பிடி என்றது. அதை அடக்குவதுதான் மூங்கில் காம்பைவிடப் பெரிய பாடு. சமைத்துக் கொண்டுபோன சோற்றையும் கொள்ளுத் துவையலையும் தின்றுவிட்டு, சாக்கைக் காட்டின் நடுவே வெட்டிய இடத்தில் விரித்து, வெயிலில் மல்லாந்து படுத்தாள். முதல் நாள் எட்டயபுரம் ரோட்டில் போன பைக்குகள் நின்று பார்த்துவிட்டுப் போயின. மறுநாள் சில பைக்குகள் நின்றன. அப்புறம் யாரும் நிற்கவில்லை.

கடைசி நாள் மத்தியானம். இன்னும் கொஞ்ச நிரைதான் பாக்கி. துணைக்கு வந்தவர்கள் வேலிக்கருவை நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்திரகாளிக்கு இடுப்பில் பழைய இழுப்பு வந்தது. தொடை வரை கீறியது. கொத்தைக் கீழே வைத்தாள். பயமாகத்தான் இருந்தது. இன்னும் நாலு எட்டு வெட்டித் தள்ளிவிட்டால் முடிந்துபோகுமே என்று இருந்தது. இல்லை என்று சாக்கை விரித்துப் படுத்தாள். முழங்காலை மடக்கி, இடுப்பை மெதுவாக மண்ணில் அழுத்தினாள்.

அந்நேரம் பார்த்துச் சௌந்தரபாண்டியன் கம்பெனிக்காரத் தம்பியைப் பைக்கில் கூட்டிக்கொண்டு பொழி வரப்புக்கு வந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ராமசுப்புவையும் கையோடு கூட்டி வந்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குக் காட்டின் நடுவே தள்ளிக் கிடக்கிற கொத்தும், பக்கத்தில் மல்லாந்து கிடக்கிற பத்திரகாளியும்தான் தெரிந்தது.

"நான் சொன்னேம்லா. விழுந்துட்டா. ஏலே, ஓடியாங்கலே, தூக்குங்க" என்று சௌந்தரபாண்டியன் முட்டுவலியையும் மறந்து காட்டுக்குள் இறங்கிவிட்டார். பின்னால் மற்ற இருவரும் இறங்கினார்கள். இரண்டு எட்டு வைப்பதற்குள் பொழியோரப் பள்ளத்தில் காயாமல் கிடந்த ஈரக் கரிசல் செருப்போடு அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடவில்லை.

"அங்கனயே நில்லுங்க பெரியத்தான். பயிர மிதிச்சிராதீங்க."

குரல் தரையிலிருந்து வந்தது. மூவரும் நின்றுவிட்டார்கள். அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. ஒரு முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து அணைத்து, மெதுவாக விட்டாள். பிறகு மற்றதை.

"என்னம்மா செய்யுது?" என்றார் சௌந்தரபாண்டியன்.

"ஒண்ணும் செய்யல. இன்னும் மூணு இருக்கு. நில்லுங்க."

நின்றார்கள். காலில் அப்பிய மண்ணோடு, அசைய முடியாமல், ஒரு பெண் படுத்துக்கொண்டு இடுப்பைத் தூக்கி இறக்குவதை வெயிலில் நின்று மூன்று ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிழலில் இருந்த பெண்கள் வெற்றிலையைத் துப்ப மறந்து சிரித்தார்கள். ராமசுப்பு சுற்றிலும் பார்த்தான். வெட்டிய நிரையெல்லாம் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாகக் கிடந்தது. ஒரு பூண்டு இல்லை. உளுந்து கருகருவென்று நின்றது.

"இப்பவாவது கையெழுத்தப் போடுலே. கண்ணால பாக்கேல்லா, படுத்துக் கெடக்கா" என்றார் அண்ணன்.

"அவ விழல அண்ணே. அவளாப் படுத்திருக்கா. கையெழுத்துக் கெடையாது." ராமசுப்பு அண்ணனுக்கு எதிராகப் பேசுவது அதுவே முதல் தடவை. பேச ஆரம்பித்ததும் அவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. "உங்க பங்கையும் தரிசாப் போடாண்டாம். வார வருசம் அந்த மூணு குறுக்கத்தையும் நாங்களே வாரத்துக்கு எடுத்து வெதைச்சு, வெளைஞ்சதுல பாதிய உங்க வீட்டுல கொண்டாந்து போட்டுருதோம். ஆறு குறுக்கத்தையும் நாங்க பாத்துக்கிடுதோம்."

பத்திரகாளி ஐந்தாவதை முடித்தாள். ஒருக்களித்து, கையை ஊன்றி, எழுந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு நின்றாள். வலி இருந்தது. அதோடேயே நிமிர்ந்து, மூங்கில் காம்பைக் கையில் எடுத்தாள்.

"இங்கேருங்க" என்றாள் புருசனைப் பார்த்து. "காண்ட்ராக்ட் எடுக்காதீங்க. மொதல்ல இந்த நிரை முடியட்டும்."